மூன்றாவது ஒயர்

எங்கள் வீட்டுக்குக் கிரைண்டர் வந்தபோது என் மகளுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. தேரடிக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவில் அதுதான் முதல் கிரைண்டர். மாட்டுவண்டியில் வைக்கோல் சுற்றி வந்து இறங்கியது. என் கணவர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டியில் வேலை பார்த்தார். அங்கிருந்து மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பேரை அழைத்து வந்து, அந்தக் கனத்தைச் சமையலறைக்குள் நகர்த்தினார். இரும்புக் கால்கள், மேலே பெரிய கல், கீழே மோட்டார், இரண்டையும் இணைக்கிற ரப்பர் பெல்ட். பச்சைப் பெயிண்ட் வாசனை ஒரு வாரம் வீட்டை விட்டுப் போகவில்லை.

அதை அவர் வாங்கியது எனக்காக இல்லை, தன் அம்மாவுக்காக. மாமனார் சின்ன வயதிலேயே போய்விட்டார். அத்தை வாசலில் இட்லி சுட்டு விற்றுத்தான் மகனை வளர்த்தார். விடிவதற்கு முன்பே எழுந்து ஆட்டுக்கல் சுற்றிச் சுற்றி வலது தோள் ஒரு பக்கமாக இறங்கிவிட்டிருந்தது. மகன் சம்பாதிக்க ஆரம்பித்ததும் இட்லிக் கடையை விட்டார்; வலி மட்டும் விடவில்லை. "உனக்கு ஒரு மெஷின் வாங்கித் தரேம்மா" என்று அவர் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். வந்த அன்று அத்தை அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். கல் முதல் தடவை தானாகச் சுற்றியபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓட விடுவதற்கு முன்னால் ஒரு சின்னச் சிக்கல். கிரைண்டர் ஒயரின் முனையில் மூன்று கால் ப்ளக் இருந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் மரப் பலகையில் பதித்திருந்த சாக்கெட்டில் இரண்டே ஓட்டை. அந்தக் காலத்து வீடுகள் பாதிக்கு மேல் அப்படித்தான். அவர் கடைக்குப் போய் ரெண்டு கால் ப்ளக் ஒன்று வாங்கி வந்தார். பழையதை வெட்டி எறிந்து, ஒயரை உரித்தார். உள்ளே சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று ஒயர். சிவப்பையும் கறுப்பையும் முடுக்கினார். பச்சையை மடித்து நூலால் கட்டி விட்டார்.

"பச்சை எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"அது சும்மா. ரெண்டு ஒயர்லயே ஓடுது பாரு, மூணாவது எதுக்கு?"

ஓடத்தான் செய்தது. யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை, எனக்கும்தான். நான் அடி அண்ணாமலைக் கிராமத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் கிணற்று மோட்டாருக்குத்தான் கரண்டு. வீட்டுக்குள் ஒரே ஒரு குண்டு பல்பு.

அந்த வருஷக் கார்த்திகைத் தீபத்துக்கு வீடு நிறைந்து உறவுக்காரர்கள் வந்துவிட்டார்கள். செய்யாற்றுப் பக்கத்திலிருந்து அத்தையின் அண்ணன் குடும்பம், என் பிறந்த வீட்டிலிருந்து நாலைந்து பேர். அத்தனை பேருக்கும் மறுநாள் இட்லி. சாயங்காலம் மலை உச்சியில் தீபம் ஏற்றி, தெருவே கும்பிட்டு முடித்த பிறகு, ஊறவைத்த அரிசியைக் கிரைண்டரில் போட்டோம். ஊர் முழுக்க சீரியல் விளக்கு, லாட்ஜுகளில் டியூப் லைட், கடைகளில் ரேடியோ செட். வோல்டேஜ் இறங்கி எங்கள் சமையலறைப் பல்பு சாணி வரட்டி அடுப்பில் கனிகிற நிறத்தில் மங்கிக் கிடந்தது. சுவிட்சைப் போட்டால் மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகியதே தவிரக் கல் அசையவில்லை.

அவர் கையால் கல்லைத் தள்ளிவிட்டார். ஒரு சுற்று சுற்றி நின்றது. மறுபடி முனகல். பிறகு ப்யூஸ் போய்விட்டது. மெல்லிய கம்பி மாற்றிப் போட்டார், அதுவும் போனது. கூடத்தில் எல்லோரும் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தையின் அண்ணன், "இன்னாப்பா, மெஷின் மக்கர் பண்ணுதா?" என்று சிரித்தார். என் கணவருக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். பழைய ஒயர் ஒன்றை உரித்து, தடிமனான செம்புக் கம்பியாக முறுக்கி, பீங்கான் ப்யூஸில் கட்டிச் சொருகினார்.

"இனி எப்படிப் போவுதுன்னு பாக்கறேன்" என்றார்.

போகவில்லை. மோட்டார் முனகிக்கொண்டே இருந்தது. எரிந்த வார்னிஷ் மாதிரி ஒரு நாற்றம் கீழேயிருந்து கிளம்பியது. வெறும் கையால் தொட முடியாத சூடு. கொஞ்ச நேரம் கழித்து வோல்டேஜ் ஏறியதும் கல் திடீரென்று சுற்ற ஆரம்பித்தது, எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் இட்லி பூவாக வந்தது.

ஓடுகிற மோட்டாரைவிட ஓட முடியாமல் நிற்கிற மோட்டார் பல மடங்கு கரண்டை இழுக்கும் என்றும், இழுத்த அத்தனையும் சூடாகி உள்ளே இருக்கிற கம்பிச் சுற்றைக் கருக்கும் என்றும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மெல்லிய ப்யூஸ் கம்பி அந்தச் சூட்டை முந்திக்கொண்டு அறுந்து போவதற்காகவே வைத்தது. அன்றைக்கு அதை ஒரு தொல்லை என்று நினைத்தோம்.

மார்கழியில் ஒரு நாள், மாவை வழித்து எடுக்கும்போது மணிக்கட்டில் எறும்பு ஊர்வது போல இருந்தது. கையை உதறிவிட்டு மறுபடி தொட்டேன். மறுபடியும் எறும்பு. அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன்.

"கிரைண்டர்ல ஷாக் அடிக்குதுங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போனார். சமையலறை நிலைப்படி மரத்தின் மேல் நின்றபடியே கையை நீட்டி இரும்பைத் தொட்டார். "எங்கே அடிக்குது? ஒண்ணும் இல்லியே." ப்ளக்கை ஒரு தடவை பிடுங்கிச் சொருகிவிட்டு வெளியே போனார்.

அடுத்த நாள் நான் பயந்து பயந்து தொட்டேன். இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சரி, நம் பிரமைதான் என்று விட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டார். வீட்டில் இருந்தது ஒரே சாக்கெட் என்பதால் கிரைண்டர் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் சொருகுவார். வேலை முடிந்ததும் மறுபடி கிரைண்டருக்கு மாற்றுவார். திங்கட்கிழமை நான் மாவு வழித்தபோது முழங்கை வரைக்கும் ஒரு இழுப்பு. பாத்திரம் கையிலிருந்து விழுந்தது.

அத்தைக்கு அது தெரியவே இல்லை. அவர் எப்போதும் பலா மணைக்கட்டையில் காலை மடித்து உட்கார்ந்து மாவு தள்ளுவார். நான் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று வழித்து எடுப்பேன்.

"நான் தினமும் தொடறேன், எனக்கு அடிக்கல. அது ஏன் உனக்கு மட்டும் அடிக்குது?" என்றார்.

எனக்கே தெரியவில்லை. ஒரு நாள் அடிக்கும், ஒரு வாரம் அடிக்காது. அடிக்கிற நாளில் சொன்னால் நடிப்பு, அடிக்காத நாளில் சும்மா இருந்தால் "பாத்தியா, நேத்து சொன்னது பொய்தானே" என்று பேச்சு. அத்தை கெட்டவர் இல்லை. ஆனால் அந்த மெஷினில் அவருடைய மகன் இருந்தான். அதைக் குறை சொன்னால் அவனைக் குறை சொல்வது போல அவருக்குப் பட்டது. "எம்புள்ள எனக்கு வாங்கிக் குடுத்தது இவளுக்குப் பொறுக்கல" என்று பக்கத்து வீட்டில் சொன்னது என் காதுக்கு வந்தது.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு அந்தச் சுற்றுகிற கல்லின் மேல் அப்படி ஒரு ஆசை. சுவிட்சைப் போட்ட சத்தம் கேட்டதும் கூடத்திலிருந்து வேகமாகத் தவழ்ந்து வருவாள், கன்னமெல்லாம் எச்சில், முட்டியெல்லாம் ஈரம். என் கையில் ஏறுகிற எறும்பு அந்தப் பிஞ்சுக் கையில் ஏறினால் என்ன ஆகும்? ஒரு நாள் தீர்மானமாகச் சொல்லிவிட்டேன். "நான் ஆட்டுக்கல்லுலயே அரைச்சுக்கறேன் அத்தை. மெஷின் பக்கம் வரமாட்டேன். புள்ளையும் வரக் கூடாது."

அது பெரிய பேச்சாகிவிட்டது. என் கணவர் என்னிடம் பேசுவதை நிறுத்தினார். அத்தை என் அப்பாவுக்கு ஆள் அனுப்பினார்.

அப்பா சைக்கிளில் வந்தார். வயலிலிருந்து அப்படியே கிளம்பியிருக்க வேண்டும், வேட்டி ஓரத்தில் சேறு. அத்தை சொன்னதையெல்லாம் தலையைக் குனிந்தபடி கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "வா பாப்பா, காட்டு" என்றார். எனக்கு உயிர் வந்தது. கிணற்று மோட்டாரோடு பழகியவர், ஷாக் என்றால் அவருக்குத் தெரியும். கிரைண்டரை ஓடவிட்டேன். அவர் தானே ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். அந்த ஈரத்தில் வெறுங்காலை ஊன்றி, புறங்கையால் முதலில் மெதுவாகத் தொட்டார். பிறகு உள்ளங்கையை வைத்தார். இரும்புக் கால், கல்லின் விளிம்பு, மோட்டாரின் மூடி, எல்லா இடமும்.

"ஒண்ணும் தெரியலியேம்மா" என்றார்.

நானும் தொட்டேன். உண்மையிலேயே ஒன்றும் இல்லை. இரும்பு சில்லென்று, அப்பாவி போல இருந்தது. அத்தை காபி கலக்கப் போய்விட்டார்.

அப்பா கிளம்பும்போது வாசலில் நின்று, "நீ பொய் சொல்ற பொண்ணு இல்ல. ஆனா நான் இப்ப இன்னா சொல்ல முடியும் சொல்லு. கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்றார். சைக்கிள் தெருமுனை திரும்பும் வரை நின்றேன். அன்றைக்குத்தான் எனக்கு என் மேலேயே பயம் வந்தது. இல்லாததை இருப்பதாக நினைக்கிறேனா? பிள்ளை பெற்ற பிறகு சிலருக்குப் புத்தி தடுமாறும் என்று ஊரில் சொல்வார்களே, அதுவா? கையை மூக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பேன். என் கைதான். ஆனால் அது சொல்வதை நம்பலாமா என்று தெரியவில்லை.

மறுபடி கிரைண்டர் பக்கம் போனேன். வேறு வழி இல்லை. குழந்தையைக் கூடத்துத் தூணில் பழைய சேலையால் கட்டி வைத்துவிட்டு வருவேன்.

தை மாதம், பொங்கல் முடிந்த வாரம். முந்தின நாள் அவர் இஸ்திரி போட்டிருந்தார். காலையில் அத்தை உளுந்து அரைத்துக்கொண்டிருந்தார். நான் சற்றுத் தள்ளி அடுப்படியில் இருந்தேன். தரை கழுவிய ஈரம் காயவில்லை. குழந்தை எப்படியோ முடிச்சை உருவிக்கொண்டு வந்துவிட்டாள். நடக்கப் பழகிய புதிது. சுவரைப் பிடித்துப் பிடித்து, சிரித்துக்கொண்டே கிரைண்டரை நோக்கி வந்தாள்.

"ஐயோ, புள்ள!" என்று அத்தை எழுந்தார். தோள் வலிக்காரர், ஊன்றாமல் எழ முடியாது. ஒரு காலை மணையிலிருந்து ஈரத்தில் வைத்து, வலது கையால் கிரைண்டரின் இரும்பு விளிம்பைப் பிடித்தார். அப்படியே நின்றுவிட்டார்.

விழவில்லை, நகரவில்லை. கை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. உடம்பு முழுக்க ஒரு நடுக்கம், கண் மட்டும் என்னைப் பார்த்தது. கல் அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. குழந்தை பாட்டியின் சேலையைப் பிடிக்க ஒரு கை நீட்டியபடி இருந்தாள்.

நான் முதலில் குழந்தையைத்தான் எடுத்தேன். பின்பக்கமாக அவள் சட்டையைப் பிடித்து இழுத்துக் கூடத்துப் பக்கம் தள்ளிவிட்டேன். அவள் மல்லாந்து விழுந்து வீறிட்டாள். பிறகு சுவரோரம் தாவி ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பு. மரப் பலகையும் ப்ளக்கும் சேர்ந்தே பிய்த்துக்கொண்டு வந்தன. கல் ஓய்ந்தது. அத்தை பக்கவாட்டில் சரிந்து என் காலடியில் விழுந்தார்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். ஜட்கா வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழியெல்லாம் நான் அவருடைய இடது கையைத் தேய்த்துக்கொண்டே போனேன். வலது உள்ளங்கையில் தோல் வெந்து வெளுத்திருந்தது. மண்டியிலிருந்து ஓடிவந்த என் கணவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "அம்மா, அம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை பிழைத்தார். இதயம் கொஞ்சம் தளர்ந்துவிட்டது என்றார் டாக்டர். வலது கையில் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு முழுசாக நிமிரவே இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தார்கள். மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் நிலைப்படியில் நின்று, எனக்குள் இருந்த ஒரே கேள்வியைக் கேட்டேன். "அண்ணே, ஒரு நாள் அடிக்குது, ஒரு நாள் அடிக்கல. அது எப்படி?"

அவர் கருகிய கம்பிச் சுற்றை ஸ்க்ரூ டிரைவரால் தொட்டுக் காட்டினார். "இந்தக் கம்பிச் சுத்து ஒரு முனைகிட்ட கருகி இரும்போட ஒட்டிக்கினு இருக்கும்மா. நீங்க சொன்ன மாதிரி தீபத்தப்ப ஆரம்பிச்சிருக்கும், கொஞ்சம் கொஞ்சமா ஜாஸ்தியாயிருக்கு. ரெண்டு கால் ப்ளக்கை எப்படி வேணா சொருகலாம் இல்லியா? ஒரு பக்கமா சொருகினா கரண்டு நேரா இந்த முனைக்கு வருது, மெஷினோட இரும்பு பாடி முழுக்கக் கரண்டு. திருப்பிச் சொருகினா இந்த முனை நியூட்ரல் பக்கம், கரண்டு திரும்பிப் போற ஒயர் பக்கம் போயிடும், தொட்டாலும் தெரியாது."

இஸ்திரிப் பெட்டிக்காகப் பிடுங்கிச் சொருகிய ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் கண் முன்னால் வந்து நின்றது. அப்பா வந்த நாளில் அது எந்தப் பக்கமாகச் சொருகியிருந்தது என்பதும் புரிந்தது. என் புத்தி சரியாகத்தான் இருந்திருக்கிறது.

"பச்சை ஒயர்?" என்றேன்.

"அதை மண்ணுக்குள்ள எறக்கியிருந்தா, பாடிக்கு வர்ற கரண்டு அது வழியா பூமிக்குப் போயிருக்கும். ப்யூஸ்ல மெல்லிசு கம்பியும் இருந்திருந்தா அப்பவே பட்டுன்னு அறுந்திருக்கும். ரெண்டும் இல்ல."

என் கணவர் மண் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வெளியே போய்விட்டார். சாப்பாட்டு நேரத்துக்குக்கூட வரவில்லை.

மோட்டாரைப் புதுசாகக் கம்பி சுற்றி, எர்த் போட்டுத் தருகிறேன் என்றார் எலெக்ட்ரீஷியன். அத்தை கட்டிலில் இருந்தபடியே வேண்டாம் என்றுவிட்டார். செங்கம் ரோட்டில் மெஸ் நடத்துகிறவர் ஒருவர் அப்படியே வாங்கிக்கொள்கிறேன் என்று வந்தார். அவருக்கும் தரவில்லை. "இன்னொரு வீட்டுப் பொம்பள கையில அது போய்ச் சேர வேணாம்" என்றார். கடைசியில் பழைய இரும்புக்காரன் உடைத்து எடுத்துப் போனான்.

ஆட்டுக்கல் மறுபடி வந்தது. அரைத்தது நான்தான். வருஷக்கணக்கில் அரைத்தேன். நான் சொன்னது உண்மை என்று நிரூபணமானதில் எனக்குக் கிடைத்தது அந்தக் கல். "நீ சொன்னியே" என்று என் கணவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் என் கை வலி பாதி குறைந்திருக்கும். அவர் சொல்லவில்லை. தெருவில் மற்ற வீடுகளில் கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்கும்போது கோபமும் பயமும் ஒன்றாக வரும். எது எது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது.

அத்தை வெகு நாள் ஃபேன்கூடப் போட விடவில்லை. பங்குனி வெயிலில் விசிறியோடு படுத்திருப்பார். அப்படி ஒரு மத்தியானம், நான் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது, கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "நீ மொதல்ல புள்ளையத்தான் எடுத்த."

என் கை நின்றுவிட்டது.

"நான் பாத்துக்கினே இருந்தேன். வாய் வரல. மனசுக்குள்ள கத்தறேன், புள்ளைய எடு, புள்ளைய எடுன்னு. நீ எடுத்துட்ட." விசிறியைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா அந்த நேரம் ரொம்ப நீளம்மா" என்றார்.

அது குறையா, நன்றியா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மறுபடி காலைப் பிடித்துவிட ஆரம்பித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த வருஷம் என் கணவர் வீட்டுக்கு ஒயரிங் மாற்றினார். எர்த்துக்காகக் கொல்லையில் குழி தோண்டினார்கள். எங்கள் ஊர் மண்ணைச் சொல்ல வேண்டுமா, கொஞ்சம் தோண்டியதுமே பாறை. கடப்பாறை தெறித்தது. ஆட்கள் இது போதும் என்றார்கள். அவர் கேட்கவில்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறங்கிவிட்டார். இடம் மாற்றி, ஆழமாகத் தோண்டி, குழாயை இறக்கி, கரியும் உப்புமாகக் கொட்டி மூடினார். காய்ந்த மண்ணில் கரண்டு இறங்காது, கோடையில் தண்ணி ஊற்றணும் என்று சொல்லியிருந்தார்கள். சித்திரை, வைகாசியில் எங்கள் தெருவில் குடிக்கிற தண்ணிக்கே குடத்தோடு வரிசை நிற்கும். அப்போதும் அவர் குளித்த தண்ணீரைப் பிடித்து வைத்து, மண்டிக்குப் போகும் முன் அந்தக் குழியில் ஊற்றிவிட்டுத்தான் போவார். என்னைப் பார்க்காமல் ஊற்றுவார். நானும் பார்க்காத மாதிரி இருப்பேன்.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு வீட்டுக்கு மிக்ஸி வந்தது. அதற்கு மூன்று ஓட்டை சாக்கெட் தயாராக இருந்தது. மிக்ஸியை எடுத்து வைத்துவிட்டு ஓட்டப் பயந்து நின்றேன். அத்தை வெளியே போயிருந்தார். திரும்பி வந்தபோது கையில் காகிதப் பொட்டலம். பிரித்தால் நீல வார் வைத்த புது ரப்பர் செருப்பு.

எங்கள் சமையலறையில் செருப்பு நுழைந்ததே கிடையாது. வாசலில் கழற்றிவிட்டுக் காலைக் கழுவினால்தான் உள்ளே விடுவார் அத்தை. அவரே அதைக் கொண்டு வந்து அடுப்புக்கு எதிரில், தரையில் ஜோடியாக வைத்தார். மடங்கிய விரல்களால் வாரை நேராக்கினார்.

"போட்டுக்கோ. உள்ள மட்டும் போட்டுக்கோ, வெளிய போட்டுக்கினு போவாதே."

போட்டுக்கொண்டேன். அவர் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் போய், பேத்தியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். தேங்காய்ச் சட்னி அரைத்தேன். சத்தம் அடங்கியது.

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு அத்தை."

"ப்ளக்கைப் பிடுங்கு."

பிடுங்கினேன். அதற்குப் பிறகுதான் குழந்தையின் கையை விட்டார்.